படைவீரனுக்குப் பாடநூல் தந்தவர், படைவீரர்களாலேயே வீழ்ந்தது எப்படி? பேரரசர் மோரிஸின் கதை

கி.பி. 602 நவம்பர் 27. இன்றைய இஸ்தான்புல் நகரின் ஆசியக் கரையில் உள்ள கால்செடான் துறைமுகத்துக்கு, அறுபது வயதைத் தாண்டிய ஒருவரைக் கட்டி இழுத்து வருகிறார்கள். ஐந்தே நாட்களுக்கு முன்பு வரை அவர் பேரரசர். டான்யூப் நதி முதல் எகிப்து வரை அவர் சொன்னதுதான் சட்டம். அவரைப் பிடித்து வந்தவர்கள் எதிரி நாட்டுக்காரர்கள் இல்லை. அவருடைய சொந்தப் படைவீரர்கள்.

அவர் பெயர் மோரிஸ். கிரேக்கத்தில் மௌரிக்கியோஸ். அந்தக் காலத்துச் சிப்பாய் என்ன உடுத்த வேண்டும், எத்தனை அம்பு வைத்திருக்க வேண்டும், காயம்பட்டால் யார் தூக்க வேண்டும், கூடாரத்தில் யாரோடு சாப்பிட வேண்டும் என்று வரி வரியாகச் சொல்லும் ஒரு போர்க்கலை நூல் இவர் பெயரில்தான் இன்றும் வழங்குகிறது. சிப்பாயைப் பற்றி இவ்வளவு தெரிந்த ஒருவரைச் சிப்பாய்களே ஏன் கவிழ்த்தார்கள்? சுருக்கமாகச் சொன்னால், காரணம் ரெண்டு: சம்பளம், குளிர்காலம். விரிவாகப் பார்ப்போம்.

பைசாந்தியம் என்பது எது?

பழைய ரோமப் பேரரசின் மேற்குப் பாதி 5ஆம் நூற்றாண்டில் சரிந்துவிட்டது. கிழக்குப் பாதி கான்ஸ்டான்டிநோபிளைத் தலைநகராகக் கொண்டு 1453 வரை நீடித்தது. இதைத்தான் பைசாந்தியப் பேரரசு என்கிறோம். ஆனால் இந்தப் பெயர் பின்னால் வந்த வரலாற்றாசிரியர்கள் வைத்தது. அங்கே வாழ்ந்தவர்கள் கடைசி வரை தங்களை ரோமானியர்கள் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள்.

6ஆம் நூற்றாண்டின் நடுவில் பேரரசர் ஜஸ்டினியன் வட ஆப்பிரிக்காவையும் இத்தாலியையும் மீட்டார். பெருமையான வெற்றிகள்தான். ஆனால் செலவு தாங்கவில்லை. 541இல் எகிப்தில் தலைகாட்டிய கொள்ளைநோய் அடுத்த ஆண்டே தலைநகருக்கு வந்து ஏராளமானோரைக் கொன்றது. பிறகும் விட்டுவிட்டுத் திரும்பி வந்துகொண்டே இருந்தது. வரி கட்டவும் ஆள் குறைவு, படைக்குச் சேரவும் ஆள் குறைவு. மோரிஸ் வளர்ந்தது இப்படிப்பட்ட காலத்தில்.

எழுத்தராக வந்தவர் தளபதி ஆனார்

மோரிஸ் பிறந்தது 539இல், இன்றைய துருக்கியின் உட்பகுதியில் இருந்த கப்படோசியா நாட்டின் அரபிசஸ் என்ற சிற்றூரில். வேலை தேடித் தலைநகருக்கு வந்தார். கிடைத்தது எழுத்தர் வேலை. அரண்மனைக் காவற்படைத் தலைவராக இருந்த டிபெரியஸ் என்பவரிடம் கடிதம், கணக்கு, ஆவணம் பார்க்கும் பணி.

அதிர்ஷ்டம் அவர் முதலாளி வழியாக வந்தது. 574இல் டிபெரியஸ் பட்டத்துக்கு அடுத்த நிலைக்கு உயர்ந்தார். காவற்படைத் தலைமை மோரிஸிடம் வந்தது. சில ஆண்டுகளில் அவரைக் கிழக்குப் படை முழுவதற்கும் தளபதியாக அனுப்பினார்கள். அதற்கு முன் அவர் ஒரு போரைக்கூட நடத்தியதில்லை.

எதிரி சாதாரண ஆள் இல்லை, பாரசீகத்தின் சாசானியப் பேரரசு. ஆனாலும் மோரிஸ் சமாளித்தார். 578இல் டைக்ரிஸ் நதிக்கு மேற்பகுதியில் இருந்த அர்சனீன் நாட்டுக்குள் புகுந்து தாக்கினார். 581இல் யூப்ரடீஸ் கரையோரமாகப் பாரசீகத் தலைநகர் நோக்கிப் போன பயணம் பாதியில் நின்றது. பாலம் உடைக்கப்பட்டுக் கிடந்தது. கூட வந்த அரபுத் தலைவர் அல்-முந்திரோடு யார் மேல் தப்பு என்ற சண்டைதான் மிச்சம். ஆனால் அடுத்த ஆண்டே கான்ஸ்டான்டினா என்ற ஊருக்கு அருகில் பெரிய வெற்றி. பாரசீகத் தளபதி தம்கோஸ்ராவ் அங்கேயே இறந்தார்.

அதற்குள் டிபெரியஸ் பேரரசராகி, நோயில் படுத்திருந்தார். 582 ஆகஸ்டில் தன் மகள் கான்ஸ்டான்டினாவை மோரிஸுக்கு நிச்சயம் செய்து, முடியையும் சூட்டிவிட்டு, மறுநாள் கண்ணை மூடினார். 43 வயதில் அந்த முன்னாள் எழுத்தர் பேரரசர் ஆனார்.

கஜானாவைத் திறந்தால் காலி

டிபெரியஸ் நல்ல மனிதர். ஆனால் கை ஓட்டை. வரியைத் தள்ளுபடி செய்தார், படைக்கும் மக்களுக்கும் தங்கத்தை அள்ளிக் கொடுத்தார். மக்கள் அவரைக் கொண்டாடினார்கள். பில் வந்தது மோரிஸ் கைக்கு.

கிழக்கே பாரசீகப் போர் ஓயவில்லை. வடக்கே டான்யூப் எல்லையில் ஆவார்கள் என்ற குதிரைப்படை இனம் சிர்மியம் கோட்டையைப் பிடித்துவிட்டது. அவர்களைச் சும்மா இருக்க வைக்க ஆண்டுக்கு 80,000 தங்கக் காசு கப்பம். கொஞ்ச நாளில் அது 1,00,000 ஆனது. ஒவ்வொரு காசும் சுமார் நாலரை கிராம் தங்கம். ஸ்லாவ் கூட்டங்களோ கப்பமும் கேட்கவில்லை, ஒப்பந்தமும் போடவில்லை. ஆற்றைத் தாண்டி வந்து ஊர்களைச் சூறையாடிக்கொண்டே இருந்தார்கள். இத்தாலியில் லொம்பார்டுகள் வேறு.

கணக்குப் பார்த்தே பழகிய மோரிஸ் ஒரு முடிவுக்கு வந்தார். செலவைக் குறைக்க வேண்டும். அரசின் மிகப் பெரிய செலவு எது? படை. பிரச்சினை தொடங்கியது இங்கேதான்.

அந்தக் காலத்துச் சிப்பாயின் மூட்டை முடிச்சு

கதையைத் தொடரும் முன் அந்தச் சிப்பாயைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். அவனைத் தெரிந்துகொள்ள நமக்கு இருக்கும் சிறந்த வழி, ஸ்ட்ராட்டெஜிகான் என்ற நூல். மோரிஸே எழுதினாரா, அவர் காலத்துத் தளபதி யாராவது எழுதினாரா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அவர் காலத்துப் படையைப் பற்றித்தான் அது பேசுகிறது. 12 பகுதிகள். மொழி எளிய கிரேக்கம். படைக் கட்டளைகள் மட்டும் பழைய வழக்கப்படி லத்தீனில்.

குதிரைவீரனுக்கு அது சொல்லும் சாமான் பட்டியல் நீளமானது. தலையையும் மூடும்படி முக்காடு வைத்த, கணுக்கால் வரை இறங்கும் இரும்பு வளையக் கவசம். தலைக்கவசத்தின் உச்சியில் சின்ன இறகுக் குஞ்சம். கையில் வில். அதிலும் ஒரு யோசனை: வில் அவனவன் பலத்துக்கு மேல் இருக்கக் கூடாது, கொஞ்சம் எளிதாக வளைவதே நல்லது. அம்பறாத்தூணியில் 30 முதல் 40 அம்பு. மாற்று நாண். அம்பைச் சீர்செய்ய சின்ன அரமும் குத்தூசியும். ஆவார்களைப் பார்த்துச் செய்த, நடுவில் தோல் வார் கட்டிய ஈட்டி. இடுப்பில் வாள்.

குதிரைக்குச் சேணம், அதில் இரண்டு இரும்பு அங்கவடிகள். காலை வைத்து ஏறும் இந்த அங்கவடி ஐரோப்பிய எழுத்துகளில் முதன்முதலாகப் பேசப்படுவது இந்த நூலில்தான் என்கிறார்கள். அதோடு ஒரு சுருக்குக் கயிறு, குதிரையின் காலைப் பிணைக்க ஒரு தளை, மூன்று நான்கு நாள் சாப்பாடு கொள்ளும் பை. கவசத்துக்கு மேலே போர்த்திக்கொள்ள அகலமான கம்பளி மேலங்கி. மழைக்கு ஆகும், தூரத்திலிருந்து எதிரி கண்ணுக்குக் கவசத்தின் பளபளப்புத் தெரியாமலும் மறைக்கும்.

காலாள் படைக்கு முழங்கால் வரை சட்டை. தடித்த அடியில் சின்ன ஆணி அடித்த செருப்பு, சீக்கிரம் தேயாமல் இருக்க. தலைமுடி குட்டையாக வெட்டியிருக்க வேண்டும். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சின்ன வண்டி. அதில் மாவரைக்கக் கைத்திரிகை, கோடாரி, ரம்பம், கடப்பாரை, மண்வெட்டி, கூடை, அரிவாள். வாள் பிடிப்பதை விட மண் வெட்டுவதற்குத்தான் அவனுக்கு அதிக நாள் வேலை இருந்தது என்பது இந்தப் பட்டியலைப் பார்த்தாலே புரியும்.

முகாமில் ஒரு நாள்

சுமார் பத்துப் பேர் ஒரு குழு. ஒரே கூடாரம், ஒரே அடுப்பு. இப்படிப் பல குழுக்கள் சேர்ந்து 300 முதல் 400 பேர் கொண்ட ஒரு படைப்பிரிவு. அதற்கு ஒரு கொடி. சண்டையில் சிப்பாய் பார்க்க வேண்டியது அந்தக் கொடியைத்தான். அதை முந்தவும் கூடாது, அதற்குப் பின்தங்கவும் கூடாது.

படை நடந்து போய் ஓரிடத்தில் நின்றால் உடனே ஓய்வு கிடையாது. முகாமைச் சுற்றி வண்டிகளை நிறுத்தி, அதற்கு வெளியே 5, 6 அடி அகலத்தில், 7, 8 அடி ஆழத்தில் அகழி வெட்ட வேண்டும். வெட்டிய மண்ணை உள்பக்கமாகக் கொட்டி மேடாக்க வேண்டும். அதிக நாள் தங்கும் இடமானால் மலஜலம் கழிக்க முகாமுக்கு வெளியே போக வேண்டும், நாற்றம் தாங்காது என்பதற்காக. காலையும் மாலையும் எல்லாரும் சேர்ந்து தேவதுதி பாட வேண்டும். ராத்திரிச் சாப்பாடும் பாட்டும் முடிந்தால் ஆட்டம், கைத்தட்டல் எதுவும் கூடாது. சத்தமும் தொல்லை, உடம்புக்கும் களைப்பு.

தண்டனைச் சட்டங்களை எல்லார் முன்னும் படித்துக் காட்டுவார்கள். போர்க்களத்தில் அணியை விட்டு ஓடினால் உயிர் போகும். வரி கட்டும் குடிமகனுக்குச் சிப்பாய் நஷ்டம் செய்தால் இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்தக் கடைசி விதி முக்கியமானது. வயிறு காய்ந்தால் சிப்பாய் யார் வீட்டுக்குள் நுழைவான் என்பது எழுதியவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

காயம்பட்டவனைத் தூக்கினால் ஒரு காசு

அந்த நூலிலேயே மனதைத் தொடும் பகுதி ஒன்று உண்டு. ஒவ்வொரு படைப்பிரிவிலும் 8 முதல் 10 பேரைத் தனியாக ஒதுக்கி வைக்கச் சொல்கிறது. அவர்கள் சண்டை போட மாட்டார்கள். ஆயுதம் இல்லாமல் சுமார் 100 அடி பின்னால் குதிரையில் வருவார்கள். யாராவது காயம்பட்டு விழுந்தால் தூக்கி ஏற்றிக்கொண்டு பின்னால் கொண்டுவர வேண்டும்.

அதற்காக அவர்கள் சேணத்தில் ஒரு மாற்றம்: இரண்டு அங்கவடியும் இடப்பக்கமே, ஒன்று முன்னால், ஒன்று பின்னால். தூக்குபவனும் காயம்பட்டவனும் ஒரே பக்கமாக ஏறலாம். மயங்கியவனுக்குக் கொடுக்கக் குடுவையில் தண்ணீரும் இருக்கும். காப்பாற்றிய ஒவ்வோர் உயிருக்கும் அவர்களுக்கு ஒரு தங்கக் காசு பரிசு.

ஒரு உயிருக்கு ஒரு தங்கக் காசு. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதே கணக்கு வேறு மாதிரி வரும்.

588: சம்பளத்தில் கால் பங்கு வெட்டு

மோரிஸின் முதல் பெரிய உத்தரவு கிழக்குப் படைக்குப் போனது. சம்பளத்தில் நாலில் ஒரு பங்கு குறைப்பு. அதைச் சொல்லப் போனவர் புதிய தளபதி பிரிஸ்கஸ். 588 ஈஸ்டர் சமயம், மோனோகார்டன் என்ற இடத்தில் படை கூடியிருந்தது.

புதிதாக வரும் தளபதி குதிரையை விட்டு இறங்கி, வீரர்கள் நடுவே நடந்து, வணக்கம் சொல்லிக்கொண்டு போவது வழக்கம். பிரிஸ்கஸ் இறங்கவில்லை. முதல் கோபம் அது. அடுத்து சம்பள வெட்டுச் சேதி. கேட்கவா வேண்டும்? முகாம் கொதித்தது. கூட்டத்தை அடக்கப் புனிதமான கிறிஸ்து படத்தைத் தூக்கிக் காட்டினார்கள். அதன் மேலேயே கல் விழுந்தது. பிரிஸ்கஸ் உயிர் பிழைத்து ஓடினார்.

வீரர்கள் தங்களுக்குள்ளேயே ஜெர்மானஸ் என்பவரைத் தலைவராக்கிக்கொண்டார்கள். ஆச்சரியம் என்னவென்றால், கலகம் செய்துகொண்டிருந்த இந்தப் படைதான் மார்டிரோபோலிஸ் அருகே பாரசீகர்களையும் தோற்கடித்தது. நாட்டின் மேல் அவர்களுக்குக் கோபம் இல்லை. தங்கள் கூலியைப் பிடித்தவர் மேல்தான் கோபம். ஓராண்டுக்கு மேல் இழுத்த இந்தத் தகராறு, அந்தியோக்கியா பேராயர் கிரிகோரி நடுவில் வந்து சமாதானம் பேசிய பிறகுதான் தீர்ந்தது. மோரிஸ் இறங்கி வர வேண்டியதாயிற்று.

பாரசீகத்தில் அடித்த யோகம்

அடுத்து மோரிஸின் வாழ்வில் மிகப் பெரிய வெற்றி. 590இல் பாரசீகத்தில் தளபதி பஹ்ராம் சோபின் கலகம் செய்தார். மன்னர் நான்காம் ஹோர்மிஸ்த் கொல்லப்பட்டார். அவர் மகன் இரண்டாம் குஸ்ரோ தப்பி ஓடி வந்து, பரம எதிரியான ரோமப் பேரரசரிடமே அடைக்கலம் கேட்டார்.

உதவ வேண்டாம், அடித்துக்கொண்டு சாகட்டும் என்று நினைத்திருக்கலாம். மோரிஸ் அப்படி நினைக்கவில்லை. படை கொடுத்தார். 591இல் பஹ்ராம் தோற்றார், குஸ்ரோ அரியணை ஏறினார். நன்றிக்கடனாக தாரா, மார்டிரோபோலிஸ் கோட்டைகளும் ஆர்மேனியாவின் பெரும்பகுதியும் கைக்கு வந்தன. 572இல் தொடங்கிய போர் முடிந்தது. கிழக்கு எல்லைக்குக் கட்டிய கப்பமும் மிச்சம். இனி முழுப் படையையும் டான்யூப் பக்கம் திருப்பலாம்.

குளிரில்தான் அடிக்க வேண்டும் என்ற யோசனை

ஸ்ட்ராட்டெஜிகானின் 11ஆம் பகுதி எதிரி இனங்களைப் பற்றியது. ஸ்லாவ்கள் காடு, சதுப்பு, ஆறு இவற்றுக்கு நடுவே வாழ்பவர்கள். மறைந்திருந்து தாக்குவதில் கெட்டிக்காரர்கள். நாணல் குழாயை வாயில் வைத்துத் தண்ணீருக்குள்ளேயே மூழ்கிக் கிடப்பார்களாம்.

அவர்களை எப்போது அடிப்பது? குளிர்காலத்தில் என்கிறது நூல். மரங்கள் இலை உதிர்த்து நிற்கும், ஒளிய இடம் இருக்காது. பனியில் கால்தடம் தெரியும். ஆறு உறைந்திருக்கும், எளிதாகக் கடக்கலாம். அவர்கள் குடும்பங்களும் குளிரில் துவண்டிருக்கும்.

யோசனையில் ஒரு தவறும் இல்லை. கஜானாவுக்கும் லாபம். படை எதிரி மண்ணில் குளிர்காலத்தைக் கழித்தால், அங்கே கிடைப்பதைச் சாப்பிடும். அரசு களஞ்சியத்திலிருந்து தானியம் அனுப்ப வேண்டாம். ஆனால் எதிரியைத் துவள வைக்கும் அதே குளிர் நம்ம சிப்பாயை மட்டும் விட்டுவைக்குமா?

வழக்கப்படி இலையுதிர் காலத்தோடு சண்டை முடியும். படை தெற்கே வந்து ஊர்களில் தங்கும். குதிரை தேறும், காயம் ஆறும், கிடைத்த கொள்ளைப் பொருளை வீட்டுக்கு அனுப்பலாம். அந்த ஓய்வை எழுதாத ஒப்பந்தம் போலத்தான் வீரர்கள் பார்த்தார்கள்.

593இல் முதன்முறை உத்தரவு வந்தது: டான்யூபுக்கு அக்கரையிலேயே குளிர்காலத்தைக் கழியுங்கள். வீரர்கள் முடியாது என்றார்கள். குளிரும் தாங்காது, சுற்றிலும் எதிரி. தளபதியாக இருந்தவர் அதே பிரிஸ்கஸ். இந்த முறை நயமாகப் பேசிச் சமாளித்தார். கடைசியில் படை ஆற்றைத் தாண்டி இக்கரைக்கே வந்துவிட்டது. மோரிஸுக்குக் கோபம். அவரை நீக்கிவிட்டுத் தன் தம்பி பீட்டரை அனுப்பினார்.

பீட்டர் கொண்டுபோன உத்தரவில் சம்பளம் மூன்று கூறாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு பங்கு தங்கம், ஒரு பங்கு துணி, ஒரு பங்கு ஆயுதம். துணியையும் வாளையும் ஊருக்கு அனுப்பிக் குடும்பம் நடத்த முடியுமா? மறுபடி கொந்தளிப்பு. பீட்டர் உடனே அடுத்த உத்தரவை வெளியே எடுத்தார். போரில் இறந்தவனின் மகனுக்கு அப்பாவின் இடத்தில் வேலை. ஊனமுற்றவர்கள் நகரங்களில் தங்கி அரசு உணவு பெறலாம். அதைக் கேட்டதும் கூட்டம் அமைதியானது, பேரரசரை வாழ்த்தவும் செய்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த இரண்டு உத்தரவும் ஒரே மனிதரிடமிருந்து வந்தவை. சிப்பாய் செத்தால் அவன் பிள்ளை என்ன ஆகும் என்று யோசிக்கத் தெரிந்தவர்தான் மோரிஸ். சிப்பாய் உயிரோடு இருக்கும்போது அவனுக்கு என்ன தேவை என்பதில்தான் கணக்குத் தப்பியது.

கைதிகள் விவகாரம்

598 வாக்கில் ஆவார் மன்னனின் கையில் ஆயிரக்கணக்கான ரோமக் கைதிகள் சிக்கியிருந்தார்கள். பின்னாளில் எழுதிய வரலாற்றாசிரியர் தியோபனிஸ் சொல்லும் கதை இது. தலைக்கு ஒரு தங்கக் காசு கொடுத்தால் விட்டுவிடுவதாக மன்னன் சொன்னான். மோரிஸ் மறுத்தார். பாதியாகக் குறைத்தான். மறுத்தார். காசில் ஆறில் ஒரு பங்குக்கு இறங்கி வந்தான். அதற்கும் இல்லை. 12,000 பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

இந்த எண்ணிக்கையையும் பேரம் நடந்த விதத்தையும் அப்படியே நம்ப முடியாது என்பவர்கள் உண்டு. மீட்புத்தொகை கொடுத்தால் எதிரிக்கு அது பழக்கமாகிவிடும் என்று மோரிஸ் நினைத்திருக்கலாம். ஆனால் படைக்குள் பரவிய சேதி வேறு. காயம்பட்டவனைத் தூக்கி வந்தால் ஒரு காசு என்று நூல் சொல்கிறது. எதிரி கையில் மாட்டினால் அந்த ஒரு காசுக்கும் நாம் பெறமாட்டோம். சிப்பாய்க்கு இது எப்படி இருந்திருக்கும்?

602: மூன்றாவது முறை

இதற்கிடையே டான்யூப் போர் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. 599இல் பிரிஸ்கஸ் ஆவார்களை அவர்கள் மண்ணிலேயே பலமுறை தோற்கடித்தார். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் போதும் என்ற நிலை. ஆனால் தலைநகரில் உணவுத் தட்டுப்பாடு. 602 தொடக்கத்தில் பேரரசர் ஊர்வலத்தில் நடந்து போகும்போதே அவர் மேல் கல் வீசினார்கள்.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் பீட்டருக்கு மீண்டும் அதே உத்தரவு வந்தது. ஆற்றுக்கு அக்கரையிலேயே குளிர்காலம். வீரர்கள் சொன்ன காரணங்களும் அதேதான். குதிரைகள் களைத்துவிட்டன, கையில் கொள்ளைப் பொருள் இருக்கிறது, அக்கரை முழுக்க எதிரிகள். பீட்டருக்கும் இது நடக்காது என்று தெரிந்தது. ஆனால் அண்ணனிடமிருந்து கடிதத்துக்கு மேல் கடிதம். 588இலும் 593இலும் விட்டுக்கொடுத்த மோரிஸ் இந்த முறை அசையவில்லை.

மழை, குளிர், பசி. படை பொறுமை இழந்தது. ஃபோகாஸ் என்ற சாதாரண நூற்றுவர் தலைவனைக் கேடயத்தின் மேல் நிற்க வைத்துத் தூக்கித் தங்கள் தலைவன் என்று அறிவித்தார்கள். பீட்டர் தலைநகருக்கு ஓடினார். படை பின்னாலேயே தெற்கு நோக்கி நடந்தது.

கடைசி நாட்கள்

எல்லாப் படையும் எல்லையில் இருந்ததால் தலைநகரில் மதிலைக் காக்கச் சிப்பாய்கள் இல்லை. தேரோட்டப் பந்தய ரசிகர் கூட்டங்களைத்தான் மோரிஸ் நம்ப வேண்டியிருந்தது. பச்சை அணியில் 1,500 பேர், நீல அணியில் 900 பேர் என்று பெயர் எழுதிக்கொண்டு மதிலில் நிறுத்தினார்கள்.

வீரர்கள் முதலில் ஃபோகாஸுக்கு முடி கேட்கவில்லை. மோரிஸின் மூத்த மகன் தியோடோசியஸ் வரட்டும், இல்லையென்றால் அவன் மாமனார் ஜெர்மானஸ் வரட்டும் என்று தூது அனுப்பினார்கள். (இவர் 588 கலகத்துத் தலைவர் அல்ல, வேறொருவர்.) மோரிஸுக்குச் சம்பந்தி மேல் சந்தேகம் வந்தது. அவர் பயந்து ஹாகியா சோஃபியா தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தார். அவரை அங்கிருந்து பிடித்து வர ஆள் அனுப்பியதும் ஊர் திரண்டுவிட்டது. உயர் அதிகாரி ஒருவரின் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். மதிலில் நின்றவர்களும் இறங்கி வந்து கூட்டத்தில் கலந்தார்கள்.

நவம்பர் 22 இரவு மோரிஸ் சாதாரண உடையில், மனைவி மக்களோடு படகில் ஏறினார். கடலில் புயல். நிக்கோமீடியா பக்கம் ஒரு தேவாலயத்தருகே கரை ஒதுங்கினார்கள். அவருக்கோ மூட்டுவலி முற்றி நடக்கவே முடியவில்லை. குஸ்ரோவிடம் உதவி கேட்கத் தியோடோசியஸை அனுப்பினார். ஆனால் மகன் கொஞ்ச தூரம் போனதுமே திரும்பி வரச் சொல்லிவிட்டார். 23ஆம் தேதி ஃபோகாஸ் முடிசூடினார்.

27ஆம் தேதி, கால்செடான். மோரிஸின் கண் முன்னால் அவருடைய ஐந்து மகன்களையும் ஒவ்வொருவராக வெட்டினார்கள். கடைசிக் குழந்தைக்குப் பதிலாகத் தன் பிள்ளையைக் கொடுக்கச் செவிலித்தாய் ஒருத்தி துணிந்ததாகவும், மோரிஸ் அதை அனுமதிக்காமல் உண்மையைச் சொல்லிவிட்டதாகவும் சொல்லப்படுகிறது. கடவுளின் தீர்ப்பு நியாயமானதே என்று ஜெபித்தபடியே அவர் தலை கொடுத்தார். தம்பி பீட்டரையும், பிறகு தியோடோசியஸையும் கொன்றார்கள். மனைவியும் மூன்று மகள்களும் கன்னிமடத்தில் அடைக்கப்பட்டு, சில ஆண்டுகளில் அவர்களும் கொல்லப்பட்டார்கள்.

கலகம் செய்தவர்களுக்கு என்ன கிடைத்தது?

தனக்கு முடி வாங்கிக் கொடுத்த மோரிஸின் கொலைக்குப் பழி வாங்குகிறேன் என்று சொல்லிப் பாரசீக மன்னர் குஸ்ரோ படையெடுத்தார். நோக்கம் பழியோ நிலமோ, போர் 628 வரை ஓயவில்லை. 614இல் ஜெருசலேம் வீழ்ந்தது. அடுத்து எகிப்தும் போனது. 626இல் பாரசீகரும் ஆவார்களும் சேர்ந்து கான்ஸ்டான்டிநோபிளையே முற்றுகையிட்டார்கள். பால்கன் பகுதியில் ஸ்லாவ்கள் நிரந்தரமாகக் குடியேறினார்கள்.

ஃபோகாஸின் ஆட்சி 8 ஆண்டுகள்தான். 610இல் ஹெராக்ளியஸ் அவரைக் கொன்று அரியணை ஏறினார். இந்த ஹெராக்ளியஸின் அப்பா மோரிஸிடம் தளபதியாக இருந்தவர். அவர் கடைசியில் பாரசீகத்தை வென்றாலும், இரண்டு பேரரசுகளும் நொந்து போயிருந்தன. 636இல் யர்மூக் போரில் அரபுப் படை ரோமப் படையை முறியடித்தது. சிரியாவும் எகிப்தும் நிரந்தரமாகக் கைவிட்டுப் போயின.

மோரிஸின் ஆட்சியை எழுதிய தியோபிலாக்ட் சிமொகாட்டா ஒரு செய்தி தருகிறார். ஹெராக்ளியஸ் பிறகு படையைக் கணக்கெடுத்தபோது, 602இல் ஃபோகாஸோடு எழுந்த வீரர்களில் இரண்டே இரண்டு பேர்தான் மிச்சம் இருந்தார்களாம். இடையில் இருந்த ஆண்டுகள் மற்ற எல்லாரையும் தின்றுவிட்டன.

யார் பக்கம் நியாயம்?

வரலாற்றாசிரியர்கள் பலர் மோரிஸைத் திறமையான பேரரசர் என்றே மதிப்பிடுகிறார்கள். இத்தாலியையும் ஆப்பிரிக்காவையும் காக்க ரவென்னா, கார்தேஜ் ஆளுநர் பதவிகளை உருவாக்கியவர் அவர். பாரசீகத்தோடு சமாதானம் கண்டவர். டான்யூப் எல்லையை மீட்டவர். பணம் இல்லை என்று அவர் சொன்னதும் பொய் இல்லை. குளிர்காலத் திட்டமும் போர்க்கலை நோக்கில் சரியானதே.

வீரர்கள் சொன்னதும் பொய் இல்லை. கூலி குறைகிறது, ஓய்வு இல்லை, மாட்டிக்கொண்டால் மீட்க ஆளில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் எந்தப் படையும் எவ்வளவு நாள் தாங்கும்?

ஸ்ட்ராட்டெஜிகான் அதற்குப் பின்னும் வாழ்ந்தது. சுமார் 300 ஆண்டுகள் கழித்துப் பேரரசர் ஆறாம் லியோ தன் போர்க்கலை நூலுக்கு அதிலிருந்துதான் நிறைய எடுத்துக்கொண்டார். எதிரியை நேருக்கு நேர் மோதுவதை விடப் பசியாலும் தந்திரத்தாலும் வெல்வதே மேல் என்று தளபதிகளுக்குச் சொல்லிக்கொடுத்த நூல் அது. பசிக்கு எவ்வளவு பலம் என்பதை எழுத்தில் அறிந்திருந்த ஆட்சி, அதே பசி தன் சொந்த முகாமுக்குள் வந்தபோது கண்டுகொள்ளவில்லை. மோரிஸைக் கவிழ்க்க ஆவார்களாலும் முடியவில்லை, பாரசீகர்களாலும் முடியவில்லை. டான்யூப் கரையில் குளிரில் நின்ற அவருடைய சிப்பாய்களால் முடிந்தது.